‘இது வாஃபிளே இல்லை’ என்று மகள் தட்டைத் தள்ளிவிடுகிறாள்

ஆறு வயது மகளுக்கும் மூன்று வயது மகனுக்கும் தந்தையான ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் காலை உணவு அவர் பொறுப்பு. மகளுக்கு வாஃபிள், அதாவது இரண்டு சூடான தட்டுகளுக்கு நடுவே மாவை ஊற்றிச் சுடும் கட்டம்போட்ட பலகாரம், என்றால் உயிர். பெட்டியில் வரும் உறைந்த வாஃபிளை டோஸ்டரில் சூடாக்கி, கட்டங்கள் நிரம்பி வழியும்வரை சிரப் ஊற்றித்தான் சாப்பிடுவாள். ஆனால் பள்ளிக்குப் போன கொஞ்ச நேரத்திலேயே பசிக்கிறது என்கிறாளாம். ஆசிரியை இதைச் சொன்னதும், இவர் ஒரு வாஃபிள் மேக்கர் வாங்கி வீட்டிலேயே செய்ய முடிவெடுத்தார். முழுக் கோதுமை மாவு, புரோட்டீன் பவுடர், ஆளி விதைப் பொடி, அரைத்த பசலைக்கீரை எல்லாம் சேர்த்தார். சர்க்கரையும் எண்ணெயும் சேர்க்கவில்லை. மூடியைத் திறந்தால் வாஃபிள் இரண்டாகக் கிழிந்து, பாதி மேலேயும் பாதி கீழேயும் ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்த துண்டும் தோல்போல இழுத்தது.

அடுத்த முறை கீரையைக் குறைத்து, கோகோ பவுடர் போட்டு நிறத்தை மறைத்தார். மகள் ஒரு பச்சைத் துணுக்கைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து அப்பா எதைக் கொடுத்தாலும் பிய்த்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் வாயில் வைக்கிறாளாம். ‘முழுசாச் சாப்பிட்டால் கார்ட்டூன்’ என்ற பேரம் நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. ‘அவளுக்குப் பிடித்ததையே கொடுத்துவிடுங்களேன்’ என்கிறார் மனைவி. இவர் கேட்பது இவை: மைதா இல்லாமல் மொறுமொறுவென்று வாஃபிள் வருமா? சர்க்கரைக்குப் பதில் தேன் சரியா? காய்கறியை ஒளித்துக் கொடுப்பது தவறா? தினமும் வாஃபிள் கொடுக்கலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காலையில் எழுந்து மாவு கரைத்து, ஊற்றி, சுரண்டி, பிறகு மகள் தட்டைத் தள்ளுவதையும் பார்த்து நிற்கும் உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. குழந்தைகளின் உணவு பற்றி ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. இதே கதையைப் பல பெற்றோர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தின் கடைசியில் ‘என் மகளுக்கு ஆரோக்கியமான எதுவுமே பிடிக்காது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. உங்கள் மகள் தள்ளிவிட்டது ஒட்டிக் கிழிந்து, இழுபட்ட ஒரு வாஃபிளை. பெரியவர்களான நாமும் அதைத் தள்ளத்தான் செய்திருப்போம். ஒரே நாளில் ஆறு மாற்றங்களைச் செய்தீர்கள். எது பிடிக்கவில்லை என்று சொல்லக்கூட அவளுக்கு வழியில்லை. ‘இது வாஃபிளே இல்லை’ என்றாளே, அது அடம் இல்லை. அவள் சொன்னது சரியான தகவல்.

வாஃபிளில் குழந்தைக்குப் பிடிப்பது என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். இனிப்பு இரண்டாவதுதான். முதலில் அந்த மேடும் பள்ளமும், கடித்தால் நொறுங்கும் ஓரமும், உள்ளே பஞ்சுபோன்ற மெதுமெதுப்பும். அது இருந்தால் மாவை மாற்றலாம், சர்க்கரையைக் குறைக்கலாம், காய்கூடச் சேர்க்கலாம். அது போய்விட்டால் வேறு எதைச் சேர்த்தும் ஈடுகட்ட முடியாது.

மொறுமொறுப்பு எங்கிருந்து வருகிறது

எண்ணெயை முழுவதும் நிறுத்தியதுதான் உங்கள் வாஃபிள் கிழிந்ததற்கு முதல் காரணம். கொழுப்பு இல்லாத மாவு சூடான தட்டில் ஒட்டும், வெந்த பிறகு ரப்பராகும். குழந்தைகளுக்கு எண்ணெய் கெடுதல் என்ற பயம் உங்களுக்கு இருப்பது தெரிகிறது. ஆறு வாஃபிளுக்கு நான்கு மேசைக்கரண்டி என்றால், ஒரு வாஃபிளுக்கு இரண்டு டீஸ்பூன். ஓடி ஆடும் குழந்தைக்கு அது அதிகமில்லை. வெண்ணெயைவிட எண்ணெயில் வாஃபிள் கூடுதல் மொறுமொறுப்பாக வரும், ஏனென்றால் வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். வாசனைக்கு வேண்டுமானால் ஒரு கரண்டி வெண்ணெயை உருக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, முழுக் கோதுமை மாவுக்கும் அரைத்த ஓட்ஸுக்கும் ஊற நேரம் வேண்டும். தவிடு மெதுவாகத்தான் தண்ணீரை இழுக்கும். கரைத்தவுடன் ஊற்றினால் வாயில் நறநறக்கும், உள்ளே வேகாததுபோல இருக்கும். பதினைந்து நிமிடம் மூடி வையுங்கள். மாவு கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கும், ஒரு கை பால் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். கட்டி இல்லாமல் வரவேண்டும் என்று நெடுநேரம் அடிக்காதீர்கள். அடிக்க அடிக்க கோதுமையின் பசைத்தன்மை கூடும், தோல்போல இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும்.

முட்டையின் வெள்ளைக் கருவைத் தனியே நுரைக்க அடித்துக் கடைசியில் மெல்ல மடித்துச் சேர்த்தால், முழுத் தானிய மாவின் கனம் தெரியாது. நேரமில்லாத காலையில் இதை விட்டுவிடலாம், கொஞ்சம் தட்டையாக வரும், அவ்வளவுதான். மொறுமொறுப்புக்காகச் சேர்க்கும் இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரை மட்டும் தவறவிடாதீர்கள்.

அப்புறம் ஆவி. மாவை ஊற்றி மூடியதும் கருவியின் ஓரங்களில் குபுகுபுவென்று ஆவி வரும். அது மெல்லிய இழையாகி, பிறகு ஏறக்குறைய நின்றுவிடும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறி, மேல்பரப்பு காய்ந்து சிவக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பச்சை விளக்கு எரிந்தாலும் ஆவி வந்துகொண்டிருந்தால் திறக்காதீர்கள். மூடியை லேசாகத் தூக்கும்போது எதிர்ப்பு தெரிந்தால் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். வெந்த வாஃபிள் தானாகவே விட்டுக்கொடுக்கும். நானும் முதலில் முழுக் கோதுமையில் செய்தபோது, மைதா வாஃபிளுக்கு ஆகும் நேரத்தையே கணக்கில் வைத்துத் திறந்து கிழித்திருக்கிறேன். எடுத்ததும் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் கம்பி வலைத் தாங்கியில் வையுங்கள். அடுக்கினால் அடியில் இருப்பது மேலே இருப்பதன் ஆவியிலேயே ஊறித் தொய்ந்துபோகும்.

இன்னொன்று: டப்பாவிலிருந்து பீய்ச்சும் சமையல் ஸ்ப்ரேயை ஒட்டாத பூச்சுள்ள தட்டில் அடிக்காதீர்கள். நாளடைவில் அது பிசினாகப் படிந்து, ஒட்டாத தட்டையே ஒட்டும் தட்டாக்கிவிடும். சிறு பிரஷ்ஷில் தொட்ட எண்ணெய் போதும்.

நான் பரிந்துரைக்கும் கலவை

ஆறு சிறிய வட்ட வாஃபிளுக்கு: முழுக் கோதுமை மாவு 120 கிராம், பொடியாக அரைத்த ஓட்ஸ் 45 கிராம், கார்ன்ஃப்ளார் 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். இன்னொரு பாத்திரத்தில் 2 முட்டையின் மஞ்சள் கரு, 300 மில்லி பால், 60 மில்லி எண்ணெய், தோலில் கரும்புள்ளி விழுந்த பாதி வாழைப்பழத்தை மசித்தது, ஒரு டீஸ்பூன் வெனிலா. இரண்டையும் கலந்து ஊறவைத்து, கடைசியில் நுரைத்த வெள்ளைக் கருவைச் சேருங்கள்.

பழம் நன்றாகக் கனிந்திருக்க வேண்டும், கனியக் கனியத்தான் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். பாதிக்கு மேல் போடாதீர்கள். ஆரோக்கியம் என்று இரண்டு பழத்தைப் போட்டால் வாஃபிள் களியாகிவிடும்.

இந்தக் கலவையிலேயே நாளை தொடங்க வேண்டாம். முதல் வாரம் கோதுமை மாவில் பாதியை மைதாவாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் சேருங்கள். அவளுக்குப் பழகிய சுவைக்குப் பக்கத்தில் நிற்பதுதான் முதல் வாரத்தின் வேலை. அவள் கேட்டு வாங்கிச் சாப்பிடத் தொடங்கிய பிறகு மைதாவைக் கால் பங்காக்குங்கள். அதன் பிறகுதான் சர்க்கரையில் கை வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். ஒன்றை மாற்றி அவள் முகம் சுளித்தால் காரணம் எது என்று உங்களுக்கும் தெரியும், ஒரு படி பின்னால் போகவும் முடியும்.

புரோட்டீன் பவுடர் தேவையே இல்லை. மேலே சொன்ன கலவையில் முட்டை, பால், கோதுமை, ஓட்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு வாஃபிளில் சுமார் 7 கிராம் புரதம் இருக்கும். கூட ஒரு கோப்பை பால் குடித்தால் இன்னொரு 8 கிராம். 4 முதல் 8 வயதுவரை நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 19 கிராம்தான். காலையிலேயே முக்கால் பங்கு கிடைத்துவிடுகிறது. பவுடர் சேர்த்தால் மாவு வறண்டுபோகும், செயற்கை இனிப்பு கலந்த பவுடர் என்றால் நாக்கில் ஒரு கசப்பும் தங்கும். ஆளி விதைப் பொடியை ஒரு மேசைக்கரண்டி அளவில் பிற்பாடு சேர்க்கலாம், அவசரமில்லை.

தேனும் சிரப்பும்

இந்த இடத்தில் உங்கள் எண்ணத்தைத் திருத்தவேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றுவதால் சர்க்கரை குறையாது. உலக சுகாதார அமைப்பு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தேனையும் சிரப்பையும் பழச்சாற்றையும் வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே வரிசையில்தான் வைக்கிறது. முழுப் பழத்துக்குள் இருக்கும் இனிப்பு அந்தக் கணக்கில் வராது. பழுப்புச் சர்க்கரையும் அப்படித்தான், நிறமும் மணமும் வேறே தவிர உடலுக்கு வேறுபாடு தெரியாது. தேன் சுவை பிடித்தால் கொடுங்கள், அளவோடு. உறவினர் வீட்டுக் கைக்குழந்தை யாராவது வந்தால் மட்டும் கவனம்: ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேனை எந்த வடிவிலும் தரக்கூடாது. அதில் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம், அவை சமையல் சூட்டில் சாவதில்லை.

பெட்டி வாஃபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில்தான் சர்க்கரை குவிந்திருக்கிறது என்று நினைக்கிறீர்கள். லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பல சாதாரண வகைகளில் ஒரு வாஃபிளுக்குச் சில கிராம்தான் இருக்கும். பாரம் சிரப்பில் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி மேப்பிள் சிரப்பில் ஏறக்குறைய 12 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன். கட்டங்கள் வழிய ஊற்றினால் மூன்று மேசைக்கரண்டி எளிதாகப் போய்விடும், 36 கிராம். அமெரிக்க இதயநலச் சங்கம் 2016-ல் 2 முதல் 18 வயதுவரையான பிள்ளைகளுக்குச் சொன்ன வரம்பு, சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாள் முழுவதற்குமே 25 கிராமுக்குள். நாரும் புரதமும் குறைந்த வெள்ளை மாவின்மேல் இவ்வளவு சிரப் என்றால், சீக்கிரமே பசிப்பதில் வியப்பில்லை.

சிரப்பை ஒரேயடியாக நிறுத்தினால் அவளுக்கு அதன்மேல் ஏக்கம்தான் கூடும். ஊற்றுவதை முக்குவதாக மாற்றுங்கள். வாஃபிளை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, குட்டிக் கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டி சிரப் வையுங்கள். ஊற்றிய சிரப் வாஃபிளுக்குள் இறங்கிக் காணாமல் போகும், உடனே இன்னும் வேண்டும் என்பாள். முக்கி எடுத்த சிரப் நேராக நாக்கில் படுவதால் கொஞ்சமே நிறையத் தெரியும். மூன்று வயதுக்காரனுக்கும் கையில் பிடித்துச் சாப்பிட இதுதான் வசதி.

இரண்டு வாரம் கழித்து ஸ்ட்ராபெர்ரியையோ வேறு பெர்ரியையோ சர்க்கரை இல்லாமல் சிறு தீயில் வைத்து, உடைந்து சாறு விட்டுக் குழம்பானதும் சிரப்போடு பாதிக்குப் பாதி கலந்து வையுங்கள். கலந்திருப்பதை அவளிடம் சொல்லியே செய்யுங்கள். தயிரில் மசித்த பழம், மெல்லத் தடவிய வேர்க்கடலை வெண்ணெய் என்று இரண்டு மூன்று கிண்ணங்கள் இருந்தால் எதில் முக்குவது என்பது அவள் தீர்மானம் ஆகிவிடும்.

காய்கறியை ஒளிப்பது

தவறா என்று கேட்டீர்கள். உடலுக்குக் கெடுதல் இல்லை. மசித்த காய்கறியை உணவில் கலந்து கொடுத்தால் குழந்தைகள் அன்று கூடுதலாகக் காய்கறி சாப்பிடுகிறார்கள் என்று ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒளித்த கீரையால் கீரைப் பழக்கம் வராது. அவள் நாக்குக்கும் கண்ணுக்கும் அது இன்னும் அந்நியம்தான். புது உணவு ஒன்றைக் குழந்தை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறைகூட அதைப் பார்க்கவும் தொடவும் சுவைக்கவும் வேண்டியிருக்கும். ஒளித்துக் கொடுத்தது அந்த எண்ணிக்கையில் சேராது.

உங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய இழப்பு நேர்ந்திருக்கிறது. அவள் வாஃபிளைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அவள் சோதிப்பது உணவை மட்டுமா? அப்பா சொல்வதையும்தான். இதைச் சரிசெய்ய முடியும், ஆறு வயதுக் குழந்தைகள் பெருந்தன்மையானவர்கள். ஒரு நாள் சாப்பாட்டு நேரம் அல்லாத வேளையில் சொல்லுங்கள்: ‘அன்னைக்கு உனக்குத் தெரியாமல் கீரை போட்டேன்டா. இனிமேல் என்ன போடுகிறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போடுவேன்.’ விளக்கம் எதுவும் வேண்டாம். அப்புறம் அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள்.

காய் சேர்க்க ஆசைப்பட்டால் இனிப்பு வாஃபிளை விட்டுவிட்டு, உப்பு வாஃபிள் என்று தனியாக ஒன்று செய்யுங்கள். அதே கலவையில் வாழைப்பழமும் வெனிலாவும் வேண்டாம், துருவிய சீஸ் ஒரு கைப்பிடி, பொடியாகத் துருவிப் பிழிந்த கேரட், வெந்த சோள முத்துகள். சீஸ் தட்டில் பட்டு ஓரத்தில் வறுவலாகும், குழந்தைகள் முதலில் அதைத்தான் பிய்த்துத் தின்பார்கள். பெயரும் ‘சீஸ் வாஃபிள்’ என்றே இருக்கட்டும். பழகிய இனிப்பு வாஃபிள்போல வேஷம் போடாததால், இதில் ஏமாற்றம் இல்லை.

நிற விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை: நீங்கள் பேக்கிங் சோடா சேர்ப்பவரானால் ப்ளூபெர்ரியை மாவில் கலக்காதீர்கள். அதன் ஊதா நிறமி காரத்தன்மையில் நிறம் மாறும், பழத்தைச் சுற்றிப் பச்சை வளையம் விழும். உங்கள் மகள் இப்போது இருக்கும் மனநிலையில் பச்சையைப் பார்த்தால் அது கீரைதான் என்று சத்தியம் செய்வாள். பழத்தை மேலே வைத்துக் கொடுங்கள்.

கார்ட்டூன் பேரத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிப் பார்த்த ஆய்வு ஒன்று 1984-ல் வெளியானது. பரிசு பெற்ற குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின்மேல் இருந்த விருப்பம் குறைந்துபோனது. 2006-ல் வந்த இன்னொரு ஆய்வில் சூப்பைக் குடித்து முடிக்கச் சொல்லிக் குழந்தைகளை வற்புறுத்தினார்கள். வற்புறுத்தாமல் விட்டபோதுதான் அதிகம் குடித்தார்கள், குறையும் குறைவாகச் சொன்னார்கள். மேசையில் என்ன வைப்பது, எப்போது வைப்பது என்பது உங்கள் பொறுப்பு. அதைச் சாப்பிடுவதா, எவ்வளவு என்பது அவள் உரிமை. ஒரு துண்டைக் கடித்துவிட்டு ‘போதும்’ என்றால், சரி என்று தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த உணவு நேரம் வரத்தான் போகிறது.

சின்னவனுக்காகக் கவனிக்க வேண்டியவை

மூன்று வயதில் முழுக் கொட்டைகள் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்தோ, மெல்லத் தடவும் வெண்ணெயாகவோ கொடுங்கள். அந்த வெண்ணெயும் கட்டியாக இருந்தால் அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குழந்தைகளை மாவு கலக்க அழைத்துக்கொள்வது மிக நல்லது, மகள் தன் கையால் கலந்ததைச் சந்தேகப்பட மாட்டாள். ஆனால் கரண்டியில் ஒட்டிய பச்சை மாவை நக்க விடாதீர்கள். பச்சை முட்டையில் மட்டுமல்ல, வேகாத மாவிலும் நோய்க்கிருமி இருக்கலாம். கருவியின் மேல்மூடி வெளிப்பக்கமும் கொதிக்கும், மேசை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வையுங்கள், வயர் தொங்கக்கூடாது.

மகள் முன்பு விரும்பிச் சாப்பிட்டவற்றையும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தால், எடை கூடாமல் நின்றால், உணவைப் பார்த்தாலே குமட்டினால் வாஃபிளோடு மல்லுக்கட்டாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

தினமும் கொடுக்கலாமா

மேலே சொன்ன மாவில், முக்க அளவான சிரப்போடு, பக்கத்தில் கொஞ்சம் பழமும் பாலும் இருந்தால் தினமும் கொடுத்தாலும் தீங்கில்லை. இருந்தாலும் வாரத்தில் மூன்று நான்கு நாளோடு நிறுத்தச் சொல்வேன். ஒரே உணவு தினமும் வந்தால் ஒரு நாள் திடீரென்று அலுத்துவிடும், அப்புறம் கைவசம் வேறொன்றும் இருக்காது.

வேலை நாளில் காலையில் மாவு கரைக்க வேண்டியதில்லை. விடுமுறை நாளில் இரண்டு மடங்கு செய்து, வலைத் தாங்கியில் முழுவதும் ஆறவிட்டு, ஒன்றோடொன்று படாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். கல்போல உறைந்ததும் பையில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து மூடுங்கள், ஒரு மாதம் நன்றாக இருக்கும். உறைந்த நிலையிலேயே டோஸ்டரில் இரண்டு முறை போட்டால், புதிதாகச் சுட்டதுபோல மொறுமொறுப்பு திரும்பிவிடும். மைக்ரோவேவ் வேண்டாம், தொய்ந்துவிடும். உங்கள் மகள் பழகியதும் இதுதானே: பெட்டியிலிருந்து எடுத்து டோஸ்டரில் போடும் வாஃபிள். அவளையே எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பழைய பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் அதையும் எடுத்து, அவள் கேட்கிற சிரப்போடு கொடுங்கள். அன்று எந்த விளக்கமும் சொல்லாமல் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று சாப்பிடுங்கள்.